மகளை வேலூருக்கு வரச் சொல்லட்டுமா?

கேள்வி: ஐயா, நாங்கள் பள்ளிகொண்டாவில் இருக்கிறோம். மகளுக்கு மூன்று வருஷத்துக்கு முன் கல்யாணம் ஆனது. காதல் கல்யாணம்தான், ஆனால் மாப்பிள்ளை தங்கமான பிள்ளை. கடலூர்ப் பக்கம் ஒரு குப்பத்தில் ஃபைபர் படகு வைத்துத் தொழில் செய்கிறார். தென்பெண்ணை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், கடலிலிருந்து மூன்றாவது தெருவில் வீடு. பேரனுக்கு இரண்டு வயது. புயல் என்று டிவியில் சொன்னாலே எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. "உடனே கிளம்பி இங்கே வா" என்று மகளுக்குப் போன் மேல் போன் போடுகிறேன். சம்மந்தியம்மா வீட்டை விட்டு அசைய மாட்டேன் என்கிறார். அவரை விட்டுவிட்டு மகளும் வர மாட்டேன் என்கிறாள். அமெரிக்காவில் ஹரிக்கேன் வந்தால் ஜன்னலுக்கெல்லாம் பலகை அடித்துவிட்டு, காரில் ஊரையே காலி செய்து போகிறார்களே, நாம் ஏன் அப்படிச் செய்வதில்லை? இந்த வருஷம் புயல் வருவதற்குள் என்ன செய்து வைக்கலாம்? எங்களுக்கு இங்கே பயமில்லை. பின்பக்கம் படுக்கிற அறையை ஒட்டி ஒரு பழைய மண்சுவர் மழைக்கு ஊறும், அவ்வளவுதான். கவலையெல்லாம் அவர்களைப் பற்றித்தான்.
ஒரு வாசகி, பள்ளிகொண்டா

பதில்:

அம்மா, வணக்கம். போகிற போக்கில் ஒரு மண்சுவரைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் மகள்.

நான் வருவாய்த்துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். அதில் பாதி கடலூர், நாகப்பட்டினம் பக்கம். புயல் நேரத்தில் வீடு வீடாகப் போய் "கிளம்புங்கள்" என்று கெஞ்சுவதும் மிரட்டுவதும்தான் அங்கே வேலை. மீதிக் காலம் நம்ம பக்கம், இப்போது இருப்பது காட்பாடியில். அதனால் உங்கள் கடிதத்தின் இரண்டு ஊரும் எனக்குத் தெரிந்த ஊர்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். புயல் நாளைக்குக் கரையைக் கடக்கும் என்று அறிவித்த பிறகு மகளை வேலூருக்கு வரச் சொல்லாதீர்கள். வருவதாக இருந்தால் அதற்கு முந்தின நாளே வந்துவிட வேண்டும். இல்லையென்றால் அவள் ஊரிலேயே பத்திரமான கட்டிடத்துக்குப் போக வேண்டும். தாயின் மனசுக்கு இது கஷ்டமாக இருக்கும், ஆனால் காரணம் இருக்கிறது.

2024 ஃபெஞ்சல் புயல் ஞாபகம் இருக்கும். நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்ததோடு போய்விடாமல் அங்கேயே பல மணி நேரம் நகராமல் நின்று கொட்டித் தீர்த்தது. அப்புறம் மெல்ல மேற்கே விழுப்புரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி என்று நகர்ந்தது. கடலூரிலிருந்து பஸ் ஏறி வேலூர் வருகிறவர் எந்த வழியாக வருவார்? விழுப்புரம், திருவண்ணாமலை, போளூர். புயல் வந்த அதே பாதை! விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டி ரயில்கள் நின்றன. அரசூர் பக்கம் தேசிய நெடுஞ்சாலை மேலேயே ஆற்று வெள்ளம் ஓடியது. திருவண்ணாமலையில் டிசம்பர் 1 அன்று மலைச்சரிவு வீட்டின் மேல் விழுந்து 7 பேர் போனார்கள். கடலைப் பார்த்தே இராத ஊர் அது. அந்த இரண்டு நாளில் கைக்குழந்தையோடு உங்கள் மகள் ஏதோ ஒரு பஸ்ஸில் மாட்டிக்கொண்டிருந்தால் என்று யோசித்துப் பாருங்கள். கடலோரத்தில் ஒரு கான்கிரீட் கட்டிடத்துக்குள் இருந்திருந்தால் நனைந்திருப்பாள், பசித்திருப்பாள். உயிருக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

அமெரிக்காவைச் சொன்னீர்கள். ஹரிக்கேன், டைஃபூன், நம்ம புயல் எல்லாம் ஒன்றேதான், கடலுக்குக் கடல் பேர் மாறுகிறது. ஆனால் காரில் ஊரைக் காலி செய்வது டிவியில் தெரிகிற மாதிரி சுலபமான வேலை இல்லை. 2005 செப்டம்பரில் ரீட்டா என்ற ஹரிக்கேன் வந்தபோது டெக்சாஸில் ஹூஸ்டன் பக்கத்திலிருந்து 20 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் ஒரே நேரத்தில் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். வெயில், பெட்ரோல் இல்லை, கார்கள் நகரவில்லை. முதியோர் இல்லத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போன ஒரு பஸ் தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். அந்த மாநிலத்தில் புயல் கொன்றவர்களைவிட அந்தப் பயணம் கொன்றவர்கள் அதிகம். பலகை அடிப்பதும் அவர்கள் வீட்டுக்குச் சரி. பாதி மரம், பெரிய பெரிய கண்ணாடி. நம்ம கடலோர வீட்டில் முதலில் பறப்பது கூரை ஷீட்டும் ஓடும்தான். ஷீட் மேல் மணல் மூட்டை வைத்துக் கட்டுங்கள், ஜன்னலை மூடித் தாழ்ப்பாள் போடுங்கள், அது போதும்.

சரி, காற்றை விடுங்கள். நீங்கள் பயப்பட வேண்டியது தண்ணீருக்கு. அதுவும் அந்த ஊருக்குத் தண்ணீர் இரண்டு பக்கத்திலிருந்து வரும்.

முதல் பக்கம் கடல். புயல் கடலைத் தள்ளிக்கொண்டு வருகிறது. அது அலை மாதிரி வந்துவிட்டுத் திரும்பிப் போகாது, கடல் மட்டமே ஏறி ஊருக்குள் நடந்து வருகிற மாதிரி இருக்கும். நம்ம பக்கத்துப் புயல் எல்லாம் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். அதனால் புயல் மையம் உங்கள் மகள் ஊருக்குத் தெற்கே கரையேறினால் காற்று கடலிலிருந்து ஊரை நோக்கி அடிக்கும், தண்ணீரும் கூடவே வரும். வடக்கே கரையேறினால் காற்று ஊரிலிருந்து கடலுக்கு அடிக்கும், கடல் ஏற்றம் குறையும். "பரங்கிப்பேட்டை பக்கம் கடக்குமாம், நம்ம ஊர் இல்லையாம்" என்று நிம்மதியாகப் படுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பரங்கிப்பேட்டை கடலூருக்குத் தெற்கே இருக்கிறது. அந்தச் செய்தி அவர்களுக்குத்தான் கெட்ட செய்தி. டிவியில் சொல்கிற ஊர்ப் பேர் புயலின் நடுப்புள்ளி மட்டுமே. புயலின் அகலம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர்.

இரண்டாவது பக்கம் ஆறு. இது நம்ம பக்கத்து விவகாரம். தென்பெண்ணையில் இருக்கும் சாத்தனூர் அணை பழைய வட ஆற்காட்டின் செங்கம் பக்கம். ஃபெஞ்சல் கரையைக் கடந்து ஒரு நாளுக்கு மேல் ஆன பிறகு, மேலே பெய்த மழையால் அணை நிரம்பி, டிசம்பர் 2 அன்று விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். அந்த வெள்ளம் போய்ச் சேர்ந்த இடம் கடலூர். புயல் போய்விட்டது, வெயில்கூட லேசாக எட்டிப் பார்க்கிறது என்று வீட்டுக்குத் திரும்பியவர்களின் கொல்லைப்புறத்தில் ஆறு வந்து நின்றது. ஆகவே மகளிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள்: புயல் கடந்ததும் வீடு திரும்பக் கூடாது. சாத்தனூரில் எவ்வளவு திறக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு திரும்ப வேண்டும். அதைப் பார்த்துச் சொல்கிற வேலையை இங்கிருந்தே நீங்கள் செய்யலாம்.

வானிலைத் துறை எச்சரிக்கையைப் படிப்படியாகத் தருகிறது: 72 மணி நேரம் முன்பு, 48, 24, 12 என்று. உங்கள் வீட்டுக் கணக்கையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். 72-ல் பையைக் கட்டுவது. 48-ல் சம்மந்தியம்மாவும் குழந்தையும் மகளும் பள்ளிகொண்டாவுக்கு பஸ் ஏறுவதானால் ஏறிவிடுவது. 24 ஆகிவிட்டால் பஸ் ஆசையை விட்டுவிட்டு, ஊரில் இருக்கும் புயல் பாதுகாப்பு மையத்துக்கோ மேட்டில் இருக்கும் மாடிப் பள்ளிக்கூடத்துக்கோ போவது. 12-க்குப் பிறகு இருக்கிற இடத்தை விட்டு யாரும் நகரக் கூடாது. எந்தக் கட்டிடம் என்பதை இப்போதே, வெயில் அடிக்கும்போதே, மகள் ஒரு தடவை நடந்து போய்ப் பார்த்து வரட்டும். எத்தனை நிமிஷம் ஆகிறது, வழியில் பள்ளம் இருக்கிறதா, கழிப்பறைக் கதவு மூடுகிறதா.

கழிப்பறையைச் சும்மா சொல்லவில்லை. சம்மந்தியம்மா ஏன் அசைய மாட்டேன் என்கிறார் என்று கேட்டீர்களா? நானும் கேட்காமல் இருந்தவன்தான்.

2011 டிசம்பர் 29, தானே புயலுக்கு முந்தின சாயங்காலம். கடலூர்ப் பக்கம் ஒரு குப்பம். வேன் ஹாரன் அடிக்கிறது, வாடைக்காற்று முகத்தில் மணலை அறைகிறது. ஒரு பாட்டி வாசற்படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் அதிகாரித் தோரணையில் காற்று மணிக்கு இத்தனை கிலோமீட்டர், அலை இத்தனை அடி என்று அடுக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இந்த மூணு ஆட்டுக்கு அங்க எடம் இருக்கா?" என்றார். நான் முழித்தேன். "ராத்திரி வெளிய போவணும்னா எடம் இருக்கா?" முகாம் நடந்த பள்ளிக்கூடத்தில் இருநூறு பேருக்கு இரண்டு கழிப்பறை, அதில் ஒன்றுக்குக் கதவு இல்லை. அது எனக்குத் தெரியும். போன மழைக்கு அங்கே தங்கியிருந்ததால் அவருக்கும் தெரியும். கடைசியில் ஒரு போலீஸ்காரர் இரண்டு ஆட்டைத் தூக்கிக்கொண்டார், நான் ஒன்றை. முகாமுக்குப் பக்கத்திலிருந்த அலுவலக வராந்தாவில் கட்டினோம். கதவில்லாத கழிப்பறைக்கு ஒரு தார்ப்பாய் கட்டினோம். பாட்டி தன் தகரப் பெட்டியோடு வந்தார். காலையில் போய்ப் பார்த்தால் அவர் வீட்டுக் கூரை அடுத்த தெருவில் கிடந்தது. ஆட்டுப் புழுக்கையைச் சாக்காக வைத்து அந்த அலுவலகத்தில் என்மேல் ஒரு புகார் எழுதினார்கள், அது வேறு கதை.

அன்றையிலிருந்து காற்று வேகம் சொல்வதை விட்டுவிட்டேன். "என்ன இருந்தால் வருவீர்கள்?" என்று மட்டும்தான் கேட்பேன். ஒவ்வொருவருக்கும் ஒரு பதில் இருக்கும். ஒரு வீட்டில் இன்ஜின், ஒரு வீட்டில் வயசுக்கு வந்த பெண், இன்னொரு வீட்டில் அடகு வைக்காமல் மிச்சம் இருக்கிற ஒரே சங்கிலி. அந்த ஒன்றுக்கு வழி செய்தால் தானாகக் கிளம்புவார்கள். புயலன்று சாயங்காலம் அதற்கெல்லாம் வழி செய்ய முடியாது. ஒரு மாதம் முன்பு முடியும்.

எனவே சம்மந்தியம்மாவிடம் நீங்களே பேசுங்கள். மகளிடம் சொல்லி அவரிடம் சொல்ல வைக்காதீர்கள். மருமகள் வாயால் "வீட்டை விட்டுக் கிளம்புங்க" என்றால் அது வேறு மாதிரி காதில் விழும். புயல் பேச்சையே எடுக்க வேண்டாம். "சம்மந்தியம்மா, கார்த்திகை தீபத்துக்கு ஒரு பத்து நாள் எங்க வீட்ல இருங்க" என்று முறையாகக் கூப்பிடுங்கள், முடிந்தால் ஒரு நடை நேரில் போய். ஒரு தடவை வந்து தங்கிவிட்டால், அடுத்த தடவை 48 மணி நேர எச்சரிக்கையில் கிளம்பி வரத் தயக்கம் இருக்காது. அவருக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை உண்டென்றால் ஒரு மாத மாத்திரை கூடுதலாக இருக்கட்டும். இன்சுலின் என்றால், கரண்ட் இல்லாத நாளில் ஈர மணலில் வைத்த மண்பானைக்குள், பாலிதீன் கவரில் சுற்றி வைக்கலாம்.

மாப்பிள்ளை விஷயம் கொஞ்சம் சிக்கல். பெண்களையும் பிள்ளைகளையும் அனுப்பிவிட்டுப் படகுக்குக் காவலாக ஆண்கள் தங்கிவிடுவது அந்த ஊர்களில் சகஜம். அவருக்கு நீங்கள் சொல்ல வேண்டியது இரண்டு. படகின் பதிவு எண், இன்ஜின் நம்பர், வலைகள் எல்லாம் தெரிகிற மாதிரி இப்போதே போட்டோ எடுத்து உங்கள் போனுக்கு அனுப்பி வைக்கட்டும். படகு போனால் நிவாரணம் கேட்கும்போது "இருந்தது" என்று நிரூபிக்க அதுதான் ஆதாரம். இன்ஜினைக் கழற்றி மேட்டுக்கு ஏற்றிவிட்டால் படகின் மேல் இருக்கும் பாதிப் பிடிப்பு குறைந்துவிடும். இன்னொன்று, புயலின் கண் ஊர் மேலேயே கடந்தால் காற்று சட்டென்று நின்றுவிடும். வானம்கூடத் தெளியும். "முடிஞ்சது" என்று படகைப் பார்க்க ஓடுவார்கள். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று வரும். கடலில் பிறந்து வளர்ந்தவர்களே அதில் ஏமாந்திருக்கிறார்கள்.

பை என்றேன். ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பாஸ்புக், மீனவர் நலவாரிய அட்டை, குழந்தையின் தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் கனமான பாலிதீன் கவரில் போட்டு, காற்றை வெளியேற்றிச் சுருட்டி, பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மாட்டுங்கள். கடையில் விற்கிற ரப்பர் பேண்ட் ஈரத்தில் இற்றுப்போகும், டியூப் போகாது. இது ஒரு மீனவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. அப்புறம் டார்ச், பவர் பேங்க், குழந்தைக்குப் பால் பவுடர், உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட், நாப்கின், மாற்றுத் துணி. குடத்தில் எல்லாம் நல்ல தண்ணீர் பிடித்து மூடி வைக்க வேண்டும், கடல் ஏறிப் போன பிறகு அடிபம்பில் உப்புத் தண்ணீர்தான் வரும். கிளம்பும்போது மெயினை அணைத்து, சிலிண்டர் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, ஆடு மாடு இருந்தால் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும். கட்டிய இடத்திலேயே செத்த மாடுகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

இனி உங்கள் வேலை. புயலன்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போன் போடாதீர்கள். அங்கே கரண்ட் இருக்காது, நீங்கள் போடும் ஒவ்வொரு போனும் அவள் பேட்டரியைத் தின்னும். காலை ஏழு, மதியம் ஒன்று, ராத்திரி ஏழு என்று நேரம் குறித்து, அவள் ஒரு வரி மெசேஜ் மட்டும் அனுப்பட்டும். புயல் அடிக்கும் ஊருக்குள் ஒருவரை ஒருவர் கூப்பிடுவதைவிட வெளியூர் நம்பருக்குச் சில நேரம் சுலபமாக லைன் கிடைக்கும். மாப்பிள்ளை, அவர் அண்ணன் தம்பி, பக்கத்து வீடு எல்லாரும் உங்கள் ஒரு நம்பருக்குத் தகவல் சொல்லட்டும். யார் எங்கே இருக்கிறார் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்து, கேட்கிறவர்களுக்குச் சொல்லுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. ஆனால் நீங்கள் இங்கிருந்து அடித்தால் வேலூருக்குப் போகும், கடலூருக்கு 04142 சேர்த்து அடிக்க வேண்டும். மாநிலத்துக்கு 1070. டிவியில் ஆரஞ்சு உடையில் ரப்பர் படகோடு வருகிறார்களே, தேசியப் பேரிடர் மீட்புப் படை, அவர்களின் 4-வது பட்டாலியன் இருப்பது நம்ம அரக்கோணத்தில்தான். பெரும்பாலும் புயலுக்கு முன்பே கடலோரம் போய் இறங்கிவிடுவார்கள்.

முன்கூட்டியே கிளம்புவதால் என்ன வித்தியாசம் என்று யாராவது கேட்டால் ஒடிசாவைச் சொல்லுங்கள். 1999 புயலில் அங்கே சுமார் 10,000 பேர் செத்தார்கள். 2013-ல் பைலின் வந்தபோது 10 லட்சம் பேர் வரை முன்பே மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். சாவு நூறைக்கூடத் தொடவில்லை.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். "எங்களுக்கு இங்கே பயமில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். 2021 நவம்பர் 19 அதிகாலை வங்கக்கடலில் இருந்து ஒன்று சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. அது புயல்கூட இல்லை, வெறும் தாழ்வு மண்டலம், பேர்கூட வைக்கவில்லை. அன்று குடியாத்தம் தாண்டி பேரணாம்பட்டில் மழையில் ஊறிய சுவர் இடிந்து ஒரே வீட்டில் 9 பேர் இறந்தார்கள். அதில் 4 பேர் குழந்தைகள். கடலிலிருந்து அவ்வளவு தூரத்தில். அந்த வாரம் பாலாறு கரை தொட்டு ஓடியதை உங்கள் ஊர்ப் பாலத்தில் நின்று நீங்களும் பார்த்திருப்பீர்கள். வருஷம் பூராவும் மணலாகக் கிடக்கிற ஆறு என்று தரைப்பாலத்தில் வண்டியை விடுகிறார்கள் பாருங்கள், அவர்களுக்குச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. 1903-ல் இதே ஆறுதான் வாணியம்பாடியைப் புரட்டிப் போட்டது.

மண்சுவர் மழை கொட்டும்போதே விழும் என்று நினைக்காதீர்கள். அடியில் ஊறி, மேலே கனம் ஏறி, மழை விட்ட பிறகு, எல்லாரும் தூங்கும் நேரத்தில் சாயும். அடிப்பக்கம் உப்புப் பூத்த மாதிரி வெள்ளை படர்ந்திருக்கிறதா, விரலால் சுரண்டினால் மாவாக உதிர்கிறதா, நடுவில் வயிறு தள்ளியிருக்கிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் மழைக்கு முன் அந்தச் சுவரை இறக்கிவிடுவது நல்லது. பக்கத்து வீட்டுக்காரரின் சுவர் என்றால் இன்றைக்கே பேசுங்கள். பேசி நடக்கவில்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கி வையுங்கள்.

தீபத்துக்கு வருகிற சம்மந்தியம்மாவையும் பேரனையும் நீங்கள் படுக்க வைக்கப்போவது அந்தப் பின்பக்க அறையில்தானே? சுவர் விஷயம் முடிகிற வரைக்கும் கட்டிலை முன்கூடத்துக்கு மாற்றிப் போடுங்கள். இரண்டு ஆள் பிடித்தால் பத்து நிமிஷ வேலை.